ஓட்டம் நின்ற குதிரையை யார் கையில் கொடுக்கிறீர்கள்?

சேலம் மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் குதிரை வண்டிப் பந்தயம் நடத்தும் விழாக் கமிட்டியினருக்கும், பந்தயக் குதிரை வளர்க்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

ஏற்காடு மலை அடிவாரத்தில், குப்பனூர் பக்கம், எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. அந்தத் தோப்பில் இப்போது நான்கு குதிரைகள் நிற்கின்றன. மூன்று உங்களைப் போன்றவர்களின் வண்டியில் பூட்டி ஓடியவை. ஒன்று ரேஸ் கோர்ஸில் ஓடி, கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்தது. எதையும் நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. யாராவது போன் செய்து, "அக்கா, இங்க ஒரு குதிரை கெடக்குது" என்பார்கள். போய்க் கொண்டுவருவோம்.

பந்தயத்தை நிறுத்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அந்தப் பேச்சு என்றால் நீங்கள் முதல் பத்தியோடு மடித்து வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். வீட்டில் பிள்ளைக்குப் பால் வாங்காத நாளில்கூடக் குதிரைக்குக் கொள்ளு வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். சுழி பார்த்து, நடை பார்த்து, வாயைத் திறந்து பல் பார்த்து வாங்குகிறீர்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து பழக்குகிறீர்கள். குதிரை மேல் உங்களுக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். நான் கேட்க வந்தது, அது ஓடாமல் போன பிறகு நடப்பதைப் பற்றி.

எங்கள் செவலையின் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில், ஓடாமல் நின்றுபோன ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் அது கட்டிக் கிடந்தது. போன் செய்தவர் லாரி டிரைவர், யாரென்றே எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தபோது விலா எலும்பைத் தள்ளி நின்றே எண்ண முடிந்தது. கழுத்தில் இருந்த நைலான் கயிறு தோலுக்குள் இறங்கி, அதன் மேலேயே சதை வளர ஆரம்பித்திருந்தது. முன்னங்கால் குளம்புகள் சீவாமல் விட்டதில் நீண்டு, நுனி மேலே வளைந்து நின்றன. அந்தக் காலால் நேராக ஊன்ற முடியாமல், குதிகாலில் பாரத்தைப் போட்டு, பின்னால் சாய்ந்தபடி நின்றது. தரையில் அங்கங்கே பாதி மென்ற புல் உருண்டைகள் கிடந்தன. அப்போது எனக்கு அது என்னவென்று புரியவில்லை. பல் விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழித்தால், குதிரை மென்றதை விழுங்க முடியாமல் துப்பிவிடும். குதிரையின் பல் வாழ்நாள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும், வருஷத்துக்கு ஒருமுறையாவது ராவிவிட வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. தீனி இருந்தும் அது பட்டினி கிடந்திருக்கிறது.

வண்டியில் ஏற்ற உதவிக்கு வந்த பெரியவர் ஒருவர் அதன் நெற்றியைத் துடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறை மாதிரி ஒரு வெள்ளை. "இது பெரிய குதிரைப் பிரிவுல மொதப் பரிசு வாங்குனதும்மா" என்றார். அவருடைய பேரன் செல்போனில் தேடி ஒரு படம் எடுத்துக் காட்டினான். பொங்கல் பிளெக்ஸ் பேனர். மாலை போட்ட குதிரை, பக்கத்தில் கோப்பையோடு ஐந்தாறு பேர். அதே பிறை.

முதல் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தேன். பெயர் சொல்ல மாட்டேன், இன்றைக்கு எங்களுக்கு மாதம் தவறாமல் தீவனம் அனுப்புகிறவர் அவர்தான். போனில் விஷயத்தைக் கேட்டதும் வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "நல்ல எடம்னு தரகர் சொன்னாருங்க்கா" என்றார். கால் நரம்பு வீங்கி ஓட்டம் குறைந்ததும் தரகரிடம் கொடுத்திருக்கிறார். தரகர் சவாரிக்காரரிடம் விற்றார். சவாரிக்காரர் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடுகிறவரிடம் தள்ளினார். நொண்ட ஆரம்பித்த பிறகு யார் யாரிடம் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. நாலாவது கையா, ஐந்தாவது கையா, எனக்குத் தெரியாது.

இதில் முதல் ஆள் கொடுமைக்காரர் இல்லை. இரண்டாவது ஆளும்கூட இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை குறைகிறது. விலை குறையக் குறைய, வாங்குகிறவர் அதற்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் பணமும் குறைகிறது. லட்சம் கொடுத்து வாங்கிய குதிரைக்கு டாக்டரைக் கூப்பிடுவார்கள், ஐயாயிரத்துக்கு வாங்கியதற்குக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் தோப்புக்கு வந்த ஒவ்வொரு குதிரையின் கதையும் இதே தடத்தில்தான் வந்திருக்கிறது.

கணக்கையும் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் வேகம் இறங்கிவிடுகிறது. ரேஸ் கோர்ஸில் இன்னும் சீக்கிரம், இரண்டு வயதில் ஓடத் தொடங்கி ஆறேழு வயதில் வெளியே வந்துவிடும். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 வயது, சிலது 30 வயது வரைகூட இருக்கும். ஓடிய வருஷங்களைவிட, ஓடி முடித்து உயிரோடு இருக்கப் போகிற வருஷங்கள் அதிகம்.

2024இல் ஊட்டியில் 52 ஏக்கரையும் கிண்டியில் 160 ஏக்கரையும் ரேஸ் கிளப்பிடமிருந்து அரசு எடுத்தபோது நிலத்தைப் பற்றி எவ்வளவோ பேசினோம். பூங்கா வருமா, ஏரி வருமா, வாடகை பாக்கி எவ்வளவு. அங்கே ஓடிய குதிரைகள் எங்கே போகும் என்று கேட்ட குரல் என் காதில் விழவே இல்லை. எங்களிடம் இருக்கும் ரேஸ் குதிரை பிறந்தபோது அதற்குப் பதிவு இருந்திருக்கும், கழுத்தில் சிப் இருந்திருக்கும், அப்பன் பெயர் ஆத்தாள் பெயர் எல்லாம் ஏட்டில் ஏறியிருக்கும். இங்கே வந்தபோது அதனோடு ஒரு காகிதம்கூட வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்ல வாய் வரவில்லை என்றாலும். செவலைக்கு முன்னால் ஒரு குதிரை வந்தது. வெள்ளை மட்டக் குதிரை, அதுவும் எலும்பும் தோலுமாக. பாவம் பார்த்து, வேகவைத்த கொள்ளும் அரிசிக் கஞ்சியும் அது கேட்கக் கேட்க வைத்தேன். ஆசையாகத் தின்றது. மூன்றாம் நாள் நிற்க முடியாமல் விழுந்தது, எழவே இல்லை. பல வாரம் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸ், மக்னீசியம் எல்லாம் சட்டென்று குறைந்துபோகும், இதயம் தடுமாறிவிடும் என்று கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். பட்டினி அதைக் கொல்லவில்லை. நான் வைத்த தீனி கொன்றது. இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம், உங்கள் ஊரிலும் மெலிந்த குதிரையைக் கண்டால் யாராவது நல்ல மனசுக்காரர் குண்டான் நிறையக் கஞ்சியோடு ஓடி வருவார். தடுத்துவிடுங்கள். செவலைக்குக் குதிரை மசால் என்கிற தீவனப் பயிரைக் காயவைத்து, அதை மட்டும், அரை அரைக் கிலோவாக, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தோம். ராத்திரி பத்து மணி, இரண்டு மணி, விடிகாலை ஆறு மணி என்று நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி எழுந்தோம். அது பசியில் தொட்டியைக் காலால் தட்டும். கொடுக்காமல் திரும்பி வருவதுதான் கஷ்டம். பத்து நாள் போனபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். தை பிறந்தபோது முதுகில் சதை ஏறியிருந்தது.

சரி, நல்ல இடம் என்கிறோமே, அது என்ன?

கேட்கிறவருக்கு நிலம் இருந்தால் மட்டும் போதாது. குதிரை கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியாகக் கட்டினால் ஏங்கிப்போகும். இன்னொரு குதிரையோ, குறைந்தது ஒரு ஆட்டுக்குட்டியோ துணைக்கு வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் குளம்பு சீவ ஆள் வேண்டும். லாடம் அடிக்காத குதிரைக்கும் இது உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காயடிக்காத ஆண் குதிரை என்றால் வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. ஏற்காடு மலை மேலே ஒரு காபித் தோட்டத்தார் எங்களிடமிருந்து ஒரு குதிரையை எடுத்துக்கொண்டார்கள். குளிர்ச்சி, நிழல், புல் எல்லாம் அதற்கு ஒத்துப்போனது. ஆனால் காட்டெருமை உலாவுகிற இடம் என்பதால், இரவில் அடைக்க நல்ல கொட்டகை கட்டிய பிறகுதான் அனுப்பினேன்.

அப்புறம் நம் பக்கத்துக்கே உரிய ஆபத்துகள். நான்குவழிச் சாலையின் நடுவில் அரளி வரிசையாகப் பூத்து நிற்கிறது, கோயில் நந்தவனத்திலும் இருக்கிறது. ஒரு கைப்பிடி இலை போதும், குதிரை போய்விடும். மாட்டுக்கு வைக்கிற மரவள்ளித் திப்பியை, அதாவது கிழங்குச் சக்கையை, குதிரைக்கும் வைக்கிறார்கள். மாட்டு வயிறு வேறு, குதிரை வயிறு வேறு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிறு வலித்துத் தரையில் புரளும், அப்படியே செத்தும் போகும். எல்லாவற்றையும்விடப் பயம் கோழித் தீவனம். நாமக்கல் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அது சுலபமாகக் கிடைக்கிறது. சில கோழித் தீவனங்களில் ரத்தக்கழிச்சலுக்காக மொனென்சின் மாதிரியான மருந்து சேர்ந்திருக்கும். கோழிக்கு அது மருந்து, குதிரையின் இதயத்துக்கு விஷம். குதிரையைக் கேட்டு வருகிறவரிடம் முதலில் நான் கேட்பது, "உங்ககிட்ட வேற என்ன கால்நடை இருக்குது, அதுக்கு என்ன தீனி போடறீங்க?" என்பதுதான். பதிலிலேயே ஆள் எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

சட்டத்தைக் காட்டி மிரட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு ஒரு கட்டுப் புல்லுக்கே அது காணாது. 2017இல் வந்த விதிகள் கொஞ்சம் பரவாயில்லை. வழக்கு நடக்கும் காலத்தில் மீட்ட பிராணியைப் பராமரிக்கிற செலவைச் சொந்தக்காரரிடம் வாங்கலாம். ஆனால் அதற்கு முதலில் சொந்தக்காரர் யாரென்று தெரிய வேண்டும். சூளைக்குப் பின்னால் கிடக்கிற குதிரைக்கு யார் சொந்தக்காரர்?

அதனால்தான் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். எந்தக் குதிரை யாருடையது, எந்த வருஷம் ஓடியது, எப்போது நின்றது என்பது உங்களுக்குத்தான் தெரியும். கமிட்டியில் ஒரு நோட்டுப் போடுங்கள். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே குதிரையின் நிறம், சுழி, நெற்றி வெள்ளை, வயது, ஒரு போட்டோ, சொந்தக்காரர் பெயர் எல்லாவற்றையும் பதியுங்கள். புதுக்குதிரைப் பிரிவோ பெரிய குதிரைப் பிரிவோ, அந்த நோட்டில் இல்லாதது ஓடக் கூடாது. ஓட்டம் நின்று விற்க நினைக்கிறவர், தரகரிடம் போவதற்கு முன்னால் கமிட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். வாங்குகிறவர் இதை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, முடியாவிட்டால் கமிட்டியிடமே திருப்பித் தர வேண்டும் என்று முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் இப்படித்தான் கொடுக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்துவிட்டும் வருகிறோம்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஒரு குதிரைக்குத் தீனி, குளம்பு, பூச்சி மருந்து, தடுப்பூசி எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் பத்தாயிரத்தைத் தொடுகிறது. சின்னத் தொகை இல்லை. ஆனால் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, பரிசுப் பணத்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் முடியாததும் இல்லை. பிரிட்டனில் ரேஸ் துறையே முன்வந்து, ஓய்வுபெற்ற குதிரைகளுக்காக 2000இல் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. குதிரையை வைத்துச் சம்பாதிக்கிறவர்களே அதற்குப் பணம் கொடுக்கிறார்கள். நம் பந்தயம் அவ்வளவு பெரியது இல்லைதான். நம் குதிரைகளும் அவ்வளவு இல்லை, ஒரு வட்டாரத்துக்கு வருஷத்தில் நான்கைந்து நின்றாலே அதிகம்.

மருத்துவத்துக்கு உதவி இருக்கிறது. 1962க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து எந்தக் குதிரை வந்தாலும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்து, ரத்தம் எடுத்துக் கிளாண்டர்ஸ் என்கிற தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

ஆடி வரப்போகிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு உங்களில் பலர் போவீர்கள். வாங்கவும் போவீர்கள், விற்கவும் போவீர்கள். விற்பதற்காக யாராவது இப்போதே மனசில் ஒரு குதிரையை வைத்திருந்தால், தயவுசெய்து அதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள். தோப்பில் இன்னும் இரண்டுக்கு இடம் இருக்கிறது. காபித் தோட்டத்தாரும் துணைக்கு இன்னொன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அமைதியான பெட்டையாக இருந்தால் நல்லது.

உங்கள் கமிட்டிக் கூட்டம் என்றைக்கு, எங்கே என்று சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன். செவலையின் முதல் சொந்தக்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
குப்பனூர் மாந்தோப்பிலிருந்து
உங்கள் அக்கா