நீங்க எத்தன நாள் வருவீங்கக்கா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

வசதி இல்லாத குடும்பத்து பிள்ளைங்களுக்கு சாயங்காலத்துல இலவசமா பாடம் சொல்லிக்குடுக்குற வகுப்பு ஒண்ணுல நான் ஒன்பது வருஷமா இருக்கேன், ஆபீஸ் முடிஞ்சு நேரா அங்கதான் போவேன். பள்ளிக்கூடம் திறக்குற சமயம் வந்தா எல்லா பேப்பர்லயும் பை குடுக்குறாங்க, நோட்டு குடுக்குறாங்கன்னு வரிசையா போட்டோ வரும், குடுக்குறவங்க மனசுல நல்ல எண்ணம்தான் இருக்கு, நோட்டும் தேவைதான், அத நான் குறை சொல்ல வரல. ஆனா அந்த போட்டோவுல வராத ஒரு விஷயம் இருக்கு, அத உங்களுக்கு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன், இன்னைக்குதான் உக்காந்தேன்.

புதுசா ஒரு அக்காவோ அண்ணனோ சொல்லிக்குடுக்க வந்தா எங்க பிள்ளைங்க மொதல்ல பேரு கேக்க மாட்டாங்க, என்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்க மாட்டாங்க, "நீங்க எத்தன நாள் வருவீங்கக்கா?"ன்னு கேப்பாங்க. அஞ்சாவது படிக்குற ஒரு பொண்ணு, பேரு வேணாம், பழைய கணக்கு நோட்டோட கடைசி பக்கத்துல எங்க எல்லார் பேரையும் எழுதி வச்சிருந்தா. வர்ற அன்னைக்கு பேருக்கு நேரா ஒரு கோடு, அஞ்சாவது நாளுக்கு குறுக்கால ஒரு கோடு. வராம நின்னுட்டவங்க பேர அவ அடிக்கல, அப்படியே விட்டுட்டு பக்கத்துல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தா, பதினாலு பேருல ஒன்பது பேருக்கு கேள்விக்குறி. என் பேருக்கு பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு அப்புறம் ரப்பரால அழிச்ச தடம் இருந்துச்சு. அம்மாவுக்கு உடம்பு முடியாம நான் மூணு வாரம் போகாத சமயம் அது, யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம நின்னுட்டேன், தப்பு என்னோடதுதான், ஒரு போன் பண்ணி பிள்ளைங்ககிட்ட சொல்லச் சொல்லியிருந்தாலே போதும். அந்த அழிச்ச தடத்த பாத்தப்புறம் நான் ஒரு நாள் வரலன்னாலும் முன்னாடியே சொல்லிடுறேன்.

பாதியில நிக்குறவங்க யாரும் மோசமானவங்க இல்ல. காலேஜ் சர்ட்டிபிகேட்டுக்காக ஆறு வாரம் வர்றவங்க, கம்பெனியில சேவை நாள்னு ஒரே ஒரு சனிக்கிழமை பஸ்ஸுல கூட்டிட்டு வர்றவங்க, நெஜமாவே ஆசையா வந்து வேலை மாறினதும் வர முடியாம போனவங்க, எல்லாரும் இருக்காங்க. ஆனா வந்த வரைக்கும் லாபம்தானே, நின்னா என்ன நஷ்டம்னு நாம நெனக்குறோம் பாருங்க, அதுதான் சரியில்ல. அமெரிக்காவுல ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ்னு ரெண்டு பேரு 2002ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர துணையா சேத்து விடுற திட்டத்த எடுத்துக்கிட்டு, அந்த துணை எவ்வளவு நாள் நீடிச்சுதுன்னு பிரிச்சு பாத்தாங்க. ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ நீடிச்ச இடத்துலதான் பிள்ளைங்ககிட்ட நல்ல மாற்றம் அதிகமா தெரிஞ்சுது, மூணு மாசத்துக்குள்ள முடிஞ்சு போன பிள்ளைங்களோ தங்கள பத்தி தாங்களே வச்சிருந்த மதிப்ப குறைச்சுக்கிட்டாங்க. அத படிச்சப்போ எனக்கு அந்த கேள்விக்குறிதான் ஞாபகம் வந்துச்சு. அவங்க போனதுக்கு காரணம் தான்தான்னு பிள்ளை நெனச்சுக்குது, நம்மகிட்ட சொல்றதில்ல.

பாடம் சொல்லிக்குடுக்க இவ்வளவு நாள் எதுக்குன்னு கேக்குறவங்களுக்காக ஒரு பையன பத்தி சொல்றேன். ஏழாவது படிச்சான், தமிழ் பாடத்த எடுத்து வாசிடான்னு சொன்னா கணீர்னு வாசிப்பான், எனக்கே பெருமையா இருக்கும். ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாத்தேன், விரல் ரெண்டாவது வரியில நிக்குது, வாய் அஞ்சாவது வரிக்கு போயிடுச்சு. மெதுவா என் கைய வச்சு பக்கத்த மூடினேன், அவன் நிறுத்தல, பாட்டுக்கு வாசிச்சிட்டே போறான்! அதே பாடத்துல இருக்குற நாலு வார்த்தைய எடுத்து வேற மாதிரி கோத்து எழுதிக்காட்டினேன், அவ்வளவுதான், தலைய குனிஞ்சுட்டான். ஏழு வருஷம் மத்த பிள்ளைங்க வாசிக்குறத காதுல வாங்கி வாங்கியே ஒப்பிச்சு ஒப்பேத்தியிருக்கான், எவ்வளவு ஞாபகசக்தி வேணும் அதுக்கு, எவ்வளவு பயம் இருந்திருக்கணும். அவனுக்கு கொம்பு தெரியும், கால் தெரியும், ரெண்டும் ஒரே எழுத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் வந்தா மட்டும் குழம்பிடுவான், கொடிய கெடின்னு வாசிப்பான், கால அப்படியே விட்டுடுவான். அந்த ஒண்ண சரி பண்ணவே ரெண்டு மாசம் ஆச்சு. அப்புறம் எழுத்து கூட்டி வாசிச்சான், ஆனா வரியோட கடைசிக்கு வர்றதுக்குள்ள ஆரம்பத்துல என்ன வாசிச்சோம்னு மறந்துடும், அப்போ அர்த்தம் எங்க பிடிபடும்? வேகம் வரணும், வேகம் வர தினமும் யாராவது பக்கத்துல உக்காந்து கேக்கணும். மொத்தம் பதினாலு மாசம் ஆச்சு. இதுல ஆறு வாரத்துக்கு ஒரு ஆள் மாறிக்கிட்டே இருந்தா ஒவ்வொருத்தர் முன்னாடியும் அவன் மறுபடி அந்த ஒப்பிக்குற வித்தையத்தான் காட்டியிருப்பான், அவங்களும் நல்லா படிக்குறான்னு பாராட்டிட்டு போயிருப்பாங்க.

இது ஏதோ எங்க வகுப்புல மட்டும் இருக்குற கதை இல்ல. ஏழை நாடுகள்லயும் நடுத்தர வருமான நாடுகள்லயும் பத்து வயசு பிள்ளைங்கள்ல சுமார் 70 சதவீதம் பேரால ஒரு சின்ன பத்திய வாசிச்சு புரிஞ்சுக்க முடியலன்னு உலக வங்கி 2022ல மதிப்பீடு சொல்லுச்சு, கற்றல் வறுமைன்னு அதுக்கு பேரே வச்சிருக்காங்க. மும்பையில 1990கள்ல ஆரம்பிச்ச பிரதம் அமைப்பு இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, பிள்ளை எந்த வகுப்புல இருக்குன்னு பாக்காம எந்த அளவுக்கு வாசிக்குதுன்னு மட்டும் பாத்து குழு பிரிக்குறது. எழுத்து தெரியாதவங்க ஒரு குழு, வார்த்தை வாசிக்குறவங்க ஒரு குழு, பத்தி வாசிக்குறவங்க ஒரு குழு, தேறினா அடுத்த குழுவுக்கு போகலாம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ எல்லாம் பல இடத்துல இத சோதிச்சு பாத்தாங்க, 2019ல பொருளாதார நோபல் பரிசு மைக்கேல் கிரெமரோட சேத்து அவங்களுக்குத்தான் கிடைச்சுது. நாங்களும் இப்போ இப்படித்தான் பிரிக்குறோம், மூணாவது படிக்குற பிள்ளையும் ஏழாவது படிக்குற பிள்ளையும் ஒண்ணா உக்காருவாங்க, பெரிய பிள்ளைக்கு ஆரம்பத்துல கூச்சமா இருக்கும், ரெண்டு வாரத்துல சரியாயிடும். (குழு பிரிக்குறதுக்கு முன்னாடி எல்லாரையும் தூரத்துல நிக்க வச்சு போர்ட்ல இருக்குறத சொல்ல சொல்லுங்க, எங்ககிட்ட மந்தம்னு பேரு வாங்கின ரெண்டு பிள்ளைங்களுக்கு தேவைப்பட்டது கண்ணாடி மட்டும்தான்.)

பானர்ஜி, டஃப்ளோ ஆய்வுலயே இன்னொரு விஷயம் வந்துச்சு. உத்தரப்பிரதேசம் ஜவுன்பூர் மாவட்டத்துல ஊர்க்காரங்களே தன்னார்வலரா நின்னு வாசிப்பு முகாம் நடத்துனாங்க, சில நாள் பயிற்சிதான், பெரிய படிப்பெல்லாம் இல்ல, இருந்தும் முகாமுக்கு வந்த பிள்ளைங்க வாசிப்புல நல்லாவே முன்னேறினாங்க. ஆனா ஊர்ல இருக்குற பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட 8 சதவீதம் பேருதான் வந்தாங்க. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா எங்களுக்கும் இதேதான். வராத பிள்ளைங்கதான் அதிகம் தேவைப்படுற பிள்ளைங்க. தம்பி பாப்பாவ பாத்துக்கணும், தண்ணி புடிக்கணும், அம்மா வேலைக்கு போயிட்டு வர்ற வரைக்கும் வீட்ட விட்டு வர முடியாது. நாங்க வீட்டுக்கு போய் பேசினப்புறம் தம்பியையும் இடுப்புல தூக்கிட்டு வான்னு சொல்லிட்டோம், ஒரு ஓரத்துல பாய் போட்டு சின்னதுங்கள உக்கார வச்சு ஒருத்தர் பாத்துக்குறாரு, அந்த ஒரு பாய்க்கு அப்புறம் ஏழு பொண்ணுங்க புதுசா வந்தாங்க. பாடம் நடத்த ஆசப்படுறவங்க நிறைய, சின்னதுங்கள பாத்துக்க ஆள் கிடைக்குறதுதான் கஷ்டம், வர நெனக்குறவங்க இத தெரிஞ்சுக்கிட்டு வந்தா புண்ணியமா போகும்.

இங்கிலாந்துல குளோஸ்டர்ங்கற ஊர்ல ராபர்ட் ரெய்க்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் 1780ல ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு, வாரம் ஆறு நாளும் பிள்ளைங்க வேலைக்கு போயிடுறாங்க, சரி அவங்களுக்கு எந்த நாள் ஒழியுதோ அந்த நாள்ல படிப்பு வைப்போம்னு. 240 வருஷத்துக்கு முன்னாடியே புரிஞ்ச விஷயம் இது, ஆனா இன்னைக்கும் நிறைய இடத்துல தன்னார்வலருக்கு எந்த நேரம் வசதின்னுதான் வகுப்பு நேரம் போடுறாங்க.

ஆள் பத்தலன்னா என்ன பண்றதுன்னும் ஒரு பழைய வழி இருக்கு. ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல் மெட்ராஸ்ல எழும்பூர் அனாதை ஆசிரமத்துல பொறுப்புல இருந்தப்போ, பக்கத்துல நம்ம திண்ணை பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்ல விரலால எழுதுறத பாத்தாரு, அத எடுத்து, தெரிஞ்ச பிள்ளை தெரியாத பிள்ளைக்கு சொல்லிக்குடுக்குற முறைய ஆசிரமத்துல கொண்டு வந்து 1797ல புத்தகமாவும் எழுதினாரு, மெட்ராஸ் முறைன்னே அது இங்கிலாந்து முழுக்க பரவிச்சு. எங்க வகுப்புல அந்த நோட்டு பொண்ணு இப்போ பத்தாவது, அவதான் எழுத்து தெரியாத குழுவுக்கு டீச்சர். எங்கள விட அவ சொன்னா பிள்ளைங்களுக்கு சீக்கிரம் புரியுது, அவளும் அங்கேயே குடியிருக்குறவ, வராம நிக்க மாட்டா. அவளுக்கு பரீட்சை வருதுன்னா மட்டும் நாங்க கண்டிப்பா ஒதுங்க சொல்லிடுவோம், அவ படிப்பு அடமானம் போகக்கூடாது.

போட்டோ விஷயமும் சொல்லணும். சில வருஷம் முன்னாடி ஒரு அமைப்பு வந்து பை குடுத்துட்டு படம் எடுத்துட்டு போனாங்க, நாங்களும் யோசிக்காம விட்டுட்டோம். அப்புறம் நன்கொடை கேக்குற நோட்டீஸ்ல ஒரு பொண்ணு மூஞ்சி பெருசா, இவளுக்கு யாருமில்லங்குற மாதிரி வாசகத்தோட வந்துச்சு. அவளுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்காங்க. அந்த நோட்டீஸ் அவ பள்ளிக்கூடத்துல கை மாறி மாறி போச்சு, அன்னையிலேர்ந்து அவ வகுப்புக்கு வரல, நாலு தடவ வீட்டுக்கு போய் கூப்பிட்டேன், கதவுக்கு பின்னாடி நின்னுக்கிட்டா. 1989 ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 28வது பிரிவு படிப்பு உரிமைய சொல்லுது, அதே உடன்படிக்கையோட 16வது பிரிவு பிள்ளையோட அந்தரங்கத்தையும் மானத்தையும் காப்பாத்தணும்னு சொல்லுது. ஒண்ண குடுக்குறேன்னு இன்னொண்ண எடுத்துக்க நமக்கு யாரு உரிமை குடுத்தா?

அதனால ஐயா, உங்ககிட்ட ரெண்டு கோரிக்கை. பிள்ளைங்க படிப்புக்கு உதவி பண்ற அமைப்ப பத்தி செய்தி போடும்போது எத்தன பை குடுத்தாங்கன்னு எழுதுறதோட, போன வருஷம் இருந்த தன்னார்வலர்ல எத்தன பேரு இந்த வருஷமும் வர்றாங்கன்னு ஒரு கேள்வி கேட்டு அந்த பதிலையும் போடுங்க. அப்புறம் வாங்குற பிள்ளைங்க மூஞ்சி தெரியாம படம் போடுங்க, குடுக்குறவங்க மூஞ்சி தாராளமா வரட்டும்.

படிக்குறவங்கள்ல யாருக்காவது வரணும்னு தோணினா வாரத்துல ஒரே நாள் வாங்க போதும், ஆனா அந்த நாள் மாறக்கூடாது, ஒரு வருஷம் வருவேன்னு மனசுல முடிவு பண்ணிட்டு வாங்க, போகணும்னு வந்தா ரெண்டு வாரம் முன்னாடியே பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிட்டு போங்க. அந்த கதவுக்கு பின்னாடி நின்ன பொண்ணு வீட்டுக்கு வர்ற வாரம் அஞ்சாவது தடவையா போறேன், இந்த தடவ நோட்டு பொண்ணும் என்கூட வரேன்னு சொல்லியிருக்கா.

இப்படிக்கு,
சாயங்கால வகுப்பு தன்னார்வலர் ஒருத்தி