கிரைண்டரின் கவசத்தைக் கழற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதினைந்து ஆண்டுகளாக வீட்டுப் பட்டறையில் மின்கருவிகளோடு வேலை செய்கிறேன். முதலில் வாங்கிய துளையிடும் இயந்திரம் இன்றும் உழைக்கிறது. அதன் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்தபோது, அதை இரண்டு முறை நானே மாற்றினேன். கால் மணி நேர வேலைதான்.

சுழலும் வட்டால் இரும்பை அறுக்கும், தேய்க்கும் கைக்கருவியான ஆங்கிள் கிரைண்டரிடம் பட்டது வேறு. இடுக்கான மூலையில் இரும்புக் குழாயை அறுக்க வசதியாக இருக்குமென்று அதன் வட்டை மறைத்திருக்கும் கவசத்தைக் கழற்றினேன். நான்கு அங்குல வட்டு நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழலும். வெட்டுக்குள் சிக்கிய வட்டு உடைந்து சிதறி, ஒரு துண்டு என் தாடையைக் கிழித்தது. ஐந்து தையல். சற்று மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்திருக்கவில்லை. பிறகுதான் வட்டின் நடுவளையத்தைப் பார்த்தேன். அங்கே அச்சிட்டிருந்த காலாவதித் தேதி எப்போதோ கடந்திருந்தது. பிசினால் இறுகிய வட்டு ஈரத்தாலும் வயதாலும் வலுவிழக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இதே கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்வட்டைப் பூட்டிக் காட்டும் காணொளிகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பல் மரத்தில் மாட்டினால் கருவி பிடியை மீறித் துள்ளும். விசையை விட்ட பிறகும் வட்டு உடனே நிற்காது. மரத்துக்கென்றே வட்ட ரம்பம் இருக்கிறதே!

துளையிடும்போது துணிக் கையுறை அணிபவர்களும் உண்டு. சுழலும் முனை நூலைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். இவற்றைத் தங்கள் நாளிதழ் படங்களுடன் விளக்கி வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் நீண்டகால வாசகர்