டெஸ்டில் சிவப்பு விழுந்தால் நம்பலாம் என்று ஆக்கியவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். கன்டெய்னர் இமேஜை, அதாவது ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான கோப்புகளோடு சேர்த்துக் கட்டிய பொதியை, பில்ட் செய்யும் (உருவாக்கும்) நம் கருவியின் புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது. வெளியீட்டுக் குறிப்பில் ஒரு மாற்றத்துக்கு ஒரு வரிதான் இடம். அந்த வரிக்குப் பின்னால் எத்தனை இரவுகள் போயின என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்த மடல்.

ஒரே மூலக்கோப்புகளை இரண்டு முறை பில்ட் செய்தால் இரண்டு வெவ்வேறு டைஜஸ்ட் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள மதிப்பு) வருகிறது என்று கண்டுபிடித்த தோழியே, முதல் நன்றி உங்களுக்கு. முந்தைய பில்டின் பலனைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் கேஷைப் பற்றி, "கேஷ் சில சமயம் வேலை செய்வதில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இமேஜ் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்களால் ஆனது; ஒவ்வொரு லேயரும் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு டார் கோப்பு. நீங்கள் இரண்டு பில்டிலும் வந்த லேயர்களைப் பிரித்து, உள்ளிருந்த டார் பட்டியல்களை அருகருகே வைத்து அனுப்பினீர்கள். கோப்புகளின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியிருந்தது கோப்புகள் அடுக்கப்பட்ட வரிசையும் நேர முத்திரையும்தான். லேயரின் அடையாளமே அதன் பைட்டுகளுக்கான எஸ்எச்ஏ-256 கணக்கீட்டு மதிப்பு (அதுதான் டைஜஸ்ட்) என்பதால், ஒரு பைட் மாறினாலும் அது வேறு லேயர். அதற்கு மேலுள்ள கேஷ் எல்லாம் வீண். கோப்பு முறைமை கொடுத்த வரிசையை அப்படியே வாங்கி எழுதியது என் கோட். இப்போது பெயர்வாரியாக அடுக்கிய பிறகே டாரில் சேர்க்கிறோம், நேரத்தை சோர்ஸ் டேட் ஈபாக் என்ற சூழல் மாறியிலிருந்து எடுக்கிறோம். லேயரைச் சுருக்கும் ஜிஸிப்பின் தலைப்பகுதியிலும் ஒரு நேரம் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டியதும் நீங்கள்தான். நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அப்புறம், இமேஜை ரெஜிஸ்ட்ரிக்கு (இமேஜ்களைச் சேமித்து வைக்கும் சர்வர்) அனுப்பிப் பார்க்கும் அந்த புஷ் டெஸ்ட். காரணமே தெரியாமல் அவ்வப்போது தோற்கும். தோற்றால் சிவப்பு; மறுபடி ஓட்டினால் பச்சை, அதாவது வெற்றி. எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது, எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது அதுதான். உங்களில் ஒருவர் அந்த ஒரு டெஸ்டை மட்டும் இரவு முழுக்க மெதுவான கணினியில் ஓடவிட்டு, அது தோல்வியடைந்த முறைகளின் லாகுகளை (பதிவுகளை) மட்டும் சேர்த்தெடுத்தார். டெஸ்ட் தனக்கென ஒரு சிறு ரெஜிஸ்ட்ரியைக் கிளப்பி, இரண்டு நொடி தூங்கிவிட்டு இமேஜை அனுப்பும். கணினி மெதுவாக இருந்தால் ரெஜிஸ்ட்ரி எழுந்திருக்காது. போதாததற்கு, இணையாக ஓடும் இன்னொரு டெஸ்டும் அதே போர்ட்டை (இணைப்புக்கான எண்ணை) கேட்கும். தூக்கத்தைப் பத்து நொடியாக்கலாம் என்று நான் சொன்னபோது, கூடாது என்று நீங்கள் நின்றது சரி. இன்று போர்ட்டை இயங்குதளமே தேர்ந்தெடுத்துத் தருகிறது. ரெஜிஸ்ட்ரி பதில் சொன்ன பிறகே டெஸ்ட் நகர்கிறது. அடிப்படை இமேஜையும் வெளியிலிருந்து இறக்காமல் டெஸ்டுக்குள்ளேயே கட்டிக்கொள்கிறோம், ஆகவே பதிவிறக்க வரம்பில் முட்டுவதும் நின்றது.

முதன்முறையாகப் பங்களித்த தம்பி, உன்னை மறக்க முடியுமா? ஒரு அடைவை (ஃபோல்டரை) அழித்து, பில்டின் அதே படியில் அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் பழைய கோப்புகள் திரும்பி வருகின்றன என்று நீ எழுதியபோது, கூடவே தோற்கும் டெஸ்ட் ஒன்றையும் அனுப்பினாய். பன்னிரண்டே வரி. கீழ் லேயரில் உள்ளது உண்மையில் அழிவதில்லை, மேல் லேயரில் ஒயிட்அவுட் குறி போட்டு மறைக்கிறோம், அந்த அடைவுக்குக் கீழ் லேயரில் இருந்த எல்லாவற்றையும் மறைக்கும் முழுமறைப்புக் குறி போட நாங்கள் தவறியிருந்தோம். உன் டெஸ்ட் கையில் இருந்ததால் திருத்தம் ஒரே மாலையில் முடிந்தது.

ஆர்ம் வகைச் சிப் உள்ள கணினிகளில் பொறுமையாக ஓட்டிப் பார்த்தவர்களுக்கும், ஆவணங்களைத் திருத்தியவர்களுக்கும் என் நன்றி.

நேற்றுக் காலை ஒரு டெஸ்ட் சிவப்பானது. "மறுபடி ஓட்டிப் பார்" என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று பேர் உடனே லாகைத் திறந்தோம். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) ஒன்று டாரில் இரண்டு தனிக் கோப்புகளாக எழுதப்பட்டு இமேஜ் பெருத்திருந்தது. மதியத்துக்குள் சரி செய்துவிட்டோம்.

அன்பும் நன்றியும்,
உங்களோடு இக்கருவியைப் பராமரிப்பவன்