அந்த நடு எழுத்து ஒன்றா, ஏழா?

எங்கள் வங்கியின் தலைமை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து என் தம்பி அனுப்பிய பணம் பத்தொன்பது நாள் கிடந்துவிட்டு அவனிடமே திரும்பிப் போனது பற்றி மூன்று முறை எழுதிவிட்டேன். விவரமெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. கிளையில் எழுதிக் கொடுத்த சீட்டைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பணம் எந்த வங்கிக்கு, எந்தக் கிளைக்கு என்று காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு கேட்டுக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் யாரையோ தொலைபேசியில் கேட்டு, ஒரு சலானின் பின்புறத்தில் பதினோரு எழுத்துகளைக் கிறுக்கிக் கொடுத்தார். கடைசி மூன்றில் நடுவிலிருப்பது ஒன்றா, ஏழா? கேட்டதற்கு, "எதைப் போட்டாலும் நம் வங்கிக்குத்தான் வரும்" என்றார். வந்தது உண்மைதான். வேறொரு கிளைக்கு!

முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு நாடு, அப்புறம் இரண்டு இடம், கடைசி மூன்று கிளை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐபான் என்னும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணில் பிழையைக் காட்டிக்கொடுக்கச் சரிபார்ப்பு இலக்கங்கள் உண்டு. இந்தக் குறியீட்டில் இல்லை. தவறாக எழுதியது இன்னொரு கிளையின் குறியீடாக அமைந்துவிட்டால் இயந்திரம் முணுமுணுக்காது. கிளை எழுத்துகளை விட்டு எட்டோடு நிறுத்தியிருந்தால் பணம் தலைமையகத்துக்குப் போயிருக்கும் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

கணக்கு எண் சரி, பெயர் சரி, பணமும் உங்கள் வங்கிக்குள்ளேயே இருந்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைதான் தள்ளிப்போனது. இடைநிலை வங்கிகள் போகும்போதும் வரும்போதும் தத்தம் கட்டணத்தைக் கழித்துக்கொண்டன. அவற்றுக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது.

நான் கேட்பது ஒன்றே. கிளையின் சரியான குறியீட்டைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். கிளைக்கெனத் தனிக் குறியீடு இல்லையென்றால் எதைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அச்சிடுங்கள். கடன் வேண்டுமா என்று வாரந்தோறும் என் பெயரைப் பிழையின்றி எழுதிக் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள். பண்டிகை தவறாமல் வாழ்த்துகிறீர்கள். அந்தத் திறமையில் பதினோரு எழுத்துக்கு மட்டும் பங்கில்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். குறியீட்டை அச்சிட்டுத் தருமாறு மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். அந்த நடு எழுத்து என்னவென்று உங்களுக்காவது புரிந்தால் பதில் எழுதுங்கள். தம்பி மறுபடி பணம் அனுப்பக் காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்