பில் கவுண்டரில் கேட்கும் பத்து எண்கள்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மளிகை வாங்கப் போனேன். பில் போடும் பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "நம்பர் சொல்லுங்க" என்றான். 74 வயது அப்பா, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி பத்து எண்களையும் ஒப்பித்தார். பிறந்த தேதி கேட்டான், அதையும் சொன்னார். வெளியே வந்து ஏன் என்று கேட்டால், "புள்ள கேக்குறான், சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறார். சேர்ந்த புள்ளிகளை ஒரு தடவைகூட அவர் பயன்படுத்தியதில்லை.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கடைக்கொரு பிறந்த தேதி கொடுத்து வைத்திருப்பதால், அவளுக்கு மாதாமாதம் பிறந்தநாள் கூப்பன் வரும். (நான் சொன்னதாக அவளுக்குத் தெரிய வேண்டாம்.) இளசுகள்தான் தகவலை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று குறைப்படுகிறோம், எங்கள் வீட்டில் பேரம் பேசத் தெரிந்தவள் அவள்தான். அதற்காக அவளும் ரொம்பக் கெட்டி இல்லை. 50 ரூபாய் தள்ளுபடிக்காக, போனில் இருக்கும் தொடர்பு எண்களை எல்லாம் ஒரு செயலிக்குத் திறந்துவிட்டாள். அதில் என் எண்ணும் உண்டு.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. அதைத் தாண்டினால் பேத்தியும் தாத்தாவும் ஒரே கணக்கு. எந்தத் தகவலை எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்திருக்கிறீர்கள். சரி, வாயால் கேட்டு வாயால் சொல்லும் இடத்தில் அது எங்கே இருக்கும்? நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்குச் சொன்னது. எங்கள் கடைக்கு அது இன்னும் எட்டவில்லை.

அந்தச் சட்டத்துக்காக 2025 நவம்பரில் வந்த விதிகளில் முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குள், "நம்பர் தராவிட்டாலும் பில் உண்டு" என்று ஒவ்வொரு கவுண்டரிலும் பெரிய எழுத்தில் தமிழில் பலகை வைக்கச் சொல்லுங்கள். எண்ணை ஊருக்கே கேட்கும்படி சொல்ல வைக்காமல், தானே தட்டிக்கொள்ள ஒரு கீபேடும் வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அப்பாவின் எண்ணை எடுத்துவிடச் சொல்லி அதே கவுண்டரில் கேட்டேன். "ஆப் டவுன்லோடு பண்ணி அதுல ரிக்வெஸ்ட் போடுங்க சார்" என்றான் பையன். அப்பா வைத்திருப்பது பட்டன் போன்.

இப்படிக்கு,
வரிசையில் பின்னால் நின்றவன்