திருக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

திருக்குளத்தைத் தூர்வாரி, சரிந்த படித்துறையைக் கட்டி, வரத்துக் கால்வாயைச் சீரமைக்கும் பணி வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிந்தது. உபயதாரர் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன. உறுப்பினர்கள் அதிகம் விசாரிப்பது கீழை மண்டபத்து நீர்மேடையைப் பற்றியே என்பதால், அதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

மாடவீதிகள், வீட்டு மாடிகள், கால்வாய், குளம் என நம் வட்டாரத்தையே ஸ்தபதியார் சுதையில் சிறிதாகச் செய்து வர்ணம் தீட்டியிருக்கிறார். பக்கத்தில் தொட்டியும் செம்பும் உண்டு. ஒரு செம்பு நீரை மாடிகளின்மேல் ஊற்றினால், அது வீதியில் இறங்கிக் கால்வாய் வழியே குளத்தில் சேரும். கால்வாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கசக்கி வைத்துவிட்டு ஊற்றினால், அதே தண்ணீர் தெற்கு வீதி வாசல்களில் ஏறும். குளம் காய்ந்து கிடக்கும். பெரியவர்கள் உடனே 2015 டிசம்பர் வெள்ளத்தையும், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்ட 2019 கோடையையும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சென்னை முழுவதற்கும் காரணம் இந்தக் கால்வாய் அடைப்பல்ல. நம் தெருவுக்கு இதற்கும் பங்குண்டு.

திருப்பணியில் விளையாட்டுச் சாமான் எதற்கு என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆகவே பொது நிதியைத் தொடாமல் தனி உபயமாகவே செய்தோம். ஆனால் அறிவிப்புப் பலகை போதும் என்ற வாதத்தை ஏற்கவில்லை. ‘குப்பை கொட்டாதீர்’ பலகையின் அடியில்தான் இத்தனை ஆண்டும் குப்பை குவிந்தது. நம் ஊர் வெள்ளத்தில் கிடந்த அதே 2015 டிசம்பரில், பாரிஸ் பருவநிலை மாநாட்டையொட்டி, கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் புவியியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்துப் பனிப்பாளங்கள் பன்னிரண்டை பாந்தியோன் சதுக்கத்தில் வட்டமாக வைத்தார்கள். போவோர் வருவோர் தொட்டுப் பார்க்க, அவை அங்கேயே உருகின. யோசனை அங்கிருந்து வந்தது; எங்களுக்குப் பனிக்கட்டி வேண்டியிருக்கவில்லை.

பிரதோஷத்தன்று ஒரு மூதாட்டி, மேடையில் தம் வீட்டைத் தேடிப் பிடித்து அதன்மேல் மட்டும் நீர் ஊற்றினார். “என் மாடியில் விழுவது எவ்வளவு ஐயா?” என்றார். கணக்குப் போட்டோம். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. ஆயிரம் சதுர அடி மாடியில் அது சுமார் 1,30,000 லிட்டர்; 12,000 லிட்டர் லாரியில் பத்து நடைக்கும் மேல். மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். ஆனாலும் நம் வீதிகளில் பல வீட்டுக் குழாய்கள் நேரே சாக்கடையில்தான் இறங்குகின்றன. இந்தக் கணக்கை மேடையின் பக்கச் சுவரில் எழுதிவிட்டோம்.

செம்பு இருமுறை காணாமல் போனதால் இப்போது சங்கிலியில் கோத்திருக்கிறது. சுதையின் வர்ணத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க உபயதாரர் தேவை. கால்வாயில் கலக்கும் ஒரு கழிவுநீர் இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. மனு கொடுத்திருக்கிறோம், அடுத்த கூட்டத்தில் நிலவரம் சொல்வோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்