அந்தியூர்ச் சந்தையில் இனக் குதிரைகளுக்கு ஏலக்களம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில், குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையைப் பற்றி நாளிதழ்கள் ஆண்டுதோறும் படத்துடன் செய்தி வெளியிடுகின்றன. எந்தக் குதிரைக்கு எத்தனை லட்சம் விலை சொன்னார்கள், மேளத்துக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடிய நாட்டியக் குதிரை எந்த ஊரிலிருந்து வந்தது என்பவை அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறும். அந்த லட்சங்கள் எதை நம்பிக் கைமாறுகின்றன என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. மார்வாரி என்றும் கத்தியவாரி என்றும் சொல்லி விற்கப்படும் குதிரைகளுக்கு, நான் பார்த்த வரையில், விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று பெரும்பாலும் இருப்பதில்லை. இன வழியைச் சொல்லி விலை கேட்கும் குதிரைகளுக்கும் மட்டக்குதிரைகள் எனப்படும் குட்டை வகைக் குதிரைகளுக்கும், சான்று சரிபார்க்கப்பட்ட பிறகு எல்லோர் காதிலும் விழும்படி விலை கூறும் ஏலக்களம் ஒன்று அந்தச் சந்தைக்குள்ளேயே அமைய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்போது வியாபாரம் நடக்கும் விதத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். தரகர் குதிரையின் உதட்டைப் புரட்டிப் பல்லைக் காட்டுவார். நான்கு குளம்பையும் தூக்கிக் காட்டுவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார். பிறகு வாங்குபவரின் கையைத் தம் தோள்துண்டுக்குள் இழுத்துக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார். ஒரு விரலுக்கு எவ்வளவு என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கும். அருகில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. மாட்டுச் சந்தையிலும் இதுவே வழக்கம். பேரம் படியாமல் போனாலும் விற்பவருக்குத் தலைகுனிவு இல்லை என்பதால் இம்முறைக்கு ஒரு நயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் துண்டுக்குள் முடிந்த விலை துண்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நல்ல வழியில் வந்த இரண்டு வயதுப் பெண் குதிரை இந்த ஆண்டு என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டால், நான்கு பேர் நான்கு தொகை சொல்வார்கள். உழைத்து நல்ல குட்டி எடுத்தவருக்கும் எங்கிருந்தோ கலப்புக் குட்டியைப் பிடித்து வந்தவருக்கும் பேச்சுத் திறமையில்தான் வித்தியாசம் என்றால், நல்ல குட்டி எடுப்பதில் யார் அக்கறை காட்டுவார்கள்?

மட்டக்குதிரை விற்பனையில் இந்தக் குறை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. சுற்றுலா ஊர்களில் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடுவோரும், உயரம் பார்த்துப் பிரிவு பிரிக்கும் குதிரை வண்டிப் பந்தயக்காரர்களும் தேடுவது குட்டையான குதிரையை. அவர்களுக்கு அங்குலம்தான் பணம். ஒரு சந்தையில், வெளிர்சிவப்பு நிறத்தில் சிறுத்து நின்ற குதிரை ஒன்றை, "நாலு வயசு முடிஞ்சுது, இதுக்கு மேல ஒரு விரக்கடைகூட வளராது" என்று சொல்லி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். உதட்டைப் புரட்டியபோது முன்பற்கள் ஆறும் சிறியவையாக, வெண்மையாக, ஈறோரத்தில் கழுத்துச் சுருங்கியவையாகத் தெரிந்தன. அவை பால்பற்கள். குதிரைக்கு நடு முன்பற்கள் இரண்டும் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டரை வயதில். அடுத்த இணை மூன்றரையில். கடைசி இணை நாலரையில். ஆகவே அந்தக் குதிரைக்கு இரண்டரை வயதுகூட நிறைந்திருக்க வழியில்லை. தீனி போதாமல் வளர்ச்சி குன்றிய பெரிய இனத்துக் குட்டியாகவும் அது இருந்திருக்கலாம். வாங்கிப்போய், கொள்ளும் கேழ்வரகும் காட்டினால் ஓராண்டில் பந்தயப் பிரிவை விட்டே உயர்ந்து போய்விடும். விற்றவர் அறிந்தே பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் வேறொரு சந்தையில் அதே சொல்லை நம்பி வாங்கியிருக்கலாம். சொல்லை மட்டுமே நம்பும் வியாபாரத்தில் பொய் எந்தக் கையில் பிறந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இனப் பெயர்களிலும் இதே குழப்பம். அரியானாவின் கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம்தான் நம் நாட்டுக் கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பு. மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா ஆகியவற்றோடு கச்சி-சிந்தியும், அண்மையில் மகாராட்டிரத்தின் பீமா ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த பீம்தடியும் அதன் குதிரைப் பட்டியலில் உள்ளன. இவற்றில் பல மட்டக்குதிரை வகையைச் சேர்ந்தவை. பதினான்கு கை இரண்டு அங்குலத்துக்கு (ஒரு கை நான்கு அங்குலம்), அதாவது 58 அங்குலத்துக்கு, உட்பட்ட உயரமே மட்டக்குதிரைக்கு உலகெங்கும் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. அந்தியூரில் வெள்ளைத் தோற்றத்துக்காகவே தனி விலை பெறும் நுக்ரா அந்தப் பட்டியலில் இல்லை. அழகுக்காக வாங்குவோர் தாராளமாக வாங்கட்டும். பதிவு பெற்ற இனத்துக்குரிய விலையை அதற்குக் கொடுக்கும்போது, தெரிந்து கொடுக்கிறோமா என்று மட்டும் யோசிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம், 2012-ஐ விட இது 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. எண்ணிக்கை இப்படிச் சரியும் காலத்தில், எஞ்சியிருப்பவற்றில் எது எந்த வழி என்று எழுதி வைக்காமல் விட்டால் பிறகு எழுதுவதற்கு எதுவும் இருக்காது.

எழுதி வைக்க வேண்டியவற்றைக் கவனிப்பது நமக்குப் புதிதன்று என்பதற்கு நம் சந்தையிலேயே ஒரு சான்று இருக்கிறது. நம் குதிரைக்காரர்கள் நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் விலாவிலும் சுழி தேடுவார்கள். சுழி சுத்தமாக இருந்தால் விலை ஏறும். ஆகாத சுழி என்று ஒருவர் சொல்லிவிட்டால், அருமையான குதிரையும் விலை போகாமல் வீடு திரும்பும். இதில் அதிர்ஷ்டம் உண்டா என்பது அவரவர் நம்பிக்கை. மேலைநாடுகளில் குதிரைக்கு வழங்கப்படும் அடையாளப் புத்தகத்தில் குதிரையின் உருவக்கோட்டுப் படம் அச்சிட்டிருக்கும். அதில் கால்நடை மருத்துவர் முதலில் குறிப்பவற்றுள் இந்தச் சுழிகளும் அடங்கும். நம் கைரேகையைப் போல ஒவ்வொரு குதிரைக்கும் அவை அமையும் இடம் மாறுபடுவதால், ஒரு குதிரையின் தாளை இன்னொரு குதிரைக்குக் காட்டி ஏமாற்ற இயலாது. ஆக, நம் தரகர்கள் இத்தனை காலமாகக் கண்ணால் படித்து வருவதைத் தாளில் குறிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதனுடன் கழுத்தின் இடப்புறத்தில் 15 இலக்க எண் கொண்ட மின்சில்லு ஒன்றைச் செலுத்தினால் அடையாளம் உறுதியாகிவிடும். ஊர்தோறும் மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணுடன் மஞ்சள் வில்லை தொங்குகிறது. அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் குதிரைக்கு ஓர் எண் இருப்பதில் என்ன தடை?

பிரிட்டனில் மட்டக்குதிரை ஏலங்கள் நடக்கும் முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை சில உண்டு. தள்ள வேண்டியதும் உண்டு. அங்கே ஷெட்லாந்து மட்டக்குதிரைக்கு 1890-லேயே வம்சப் பதிவேட்டுச் சங்கம் தோன்றிவிட்டது; உயரம் 42 அங்குலத்தைத் தாண்டினால் அந்தப் பதிவேட்டில் இடமில்லை. ஏலத்துக்கு முன் அச்சாகும் பட்டியலில் ஒவ்வொரு குதிரைக்கும் தந்தை, தாய், அவற்றின் பெற்றோர், பிறந்த ஆண்டு, நிறம் ஆகியவை இருக்கும். அதைவிட என்னைக் கவர்ந்தது, குதிரையின் கெட்ட பழக்கங்களை விற்பவரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற ஏல விதி. தீனித் தொட்டியின் விளிம்பைக் கடித்துக்கொண்டு காற்றை விழுங்குவது, கொட்டடியில் நின்ற இடத்திலேயே ஓயாமல் தலையையும் முன்னுடலையும் அசைத்துக்கொண்டிருப்பது போன்றவற்றை மறைத்து விற்றால், குறித்த நாட்களுக்குள் குதிரையைத் திருப்பித் தர வழி உண்டு. சந்தை இரைச்சலில் கால் மணி நேரம் பார்ப்பவரால் இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது; வீட்டுக்கு ஓட்டி வந்து இரண்டாம் நாள்தான் தெரியும். தள்ள வேண்டியது எது என்றால், தாளின் செலவு குதிரையின் விலையைத் தாண்டிவிடும் நிலை. மேய்ச்சல் மலைகளில் அரைக்காட்டு நிலையில் வளரும் குட்டிகளுக்கு அடையாளப் புத்தகம் எடுக்கும் செலவுக்குக்கூட ஏலத்தில் விலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள மலைக் குடியானவர்கள் குறைபட்டதுண்டு. நம் ஊரில் இரண்டு குதிரை வைத்துக் குடும்பம் நடத்துபவரின் தலையில் அப்படியொரு சுமையை ஏற்றிவிடக் கூடாது.

நம் நாட்டிலேயே பந்தயக் குதிரைகளுக்கு இந்த ஒழுங்கு இருக்கிறது. தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்துக் குட்டி ஒன்றின் தாய் தந்தை மரபணுச் சோதனையில் உறுதியானால்தான் புனேயில் உள்ள வம்சப் பதிவேட்டில் அதன் பெயர் ஏறும். பெயர் ஏறாத குதிரை பந்தயத் திடலுக்குள் நுழைய இயலாது. செல்வந்தர்களின் குதிரைக்கு உள்ள ஒழுங்கு சம்சாரியின் குதிரைக்கு வேண்டாமா? ஏலம் என்பதும் ஈரோட்டுக்காரர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் அல்ல. மஞ்சள் விவசாயி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டையைக் கொண்டுவந்தால், விரலி தனி, கிழங்கு தனி என்று மாதிரி வைத்து, வியாபாரிகள் விலை கோர, குவிண்டாலுக்கு என்ன விலை போயிற்று என்பது மறுநாள் நாளிதழில் வருகிறது. அதே மாவட்டத்தில் கூடும் குதிரைச் சந்தையில் மட்டும் விலை துண்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை.

சினைக் குதிரை விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை. குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 11 மாதம். "ராஜஸ்தானில் நல்ல ஆண் குதிரையோடு சேர்த்துக் கொண்டுவந்தது" என்று சொல்லி விற்கப்படும் பெட்டைக்கு, வயிற்றில் இருக்கும் குட்டிக்கும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்கள். சேர்த்த ஆண் குதிரை எது, எந்தத் தேதியில் என்று அதன் உடைமையாளர் கையெழுத்திட்ட ஒரு சீட்டு இருந்தால் போதும். குட்டி பிறந்த பின் பிடரி மயிர் சிலவற்றை வேரோடு எடுத்துச் சோதனைக்கு அனுப்பி மெய்யா பொய்யா என்று பார்த்துவிடலாம். அந்தச் சீட்டு இல்லாத சினைக்கு ஏலக்களத்தில் தனி விலை கூறக் கூடாது.

தரகர்கள் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி எழும். நான் கேட்பது சந்தை முழுவதையும் ஏலமாக மாற்றுவதை அல்ல. விருப்பமுள்ளோர் பதிவு செய்துகொள்ளும் ஒரு களம். மற்றவர்கள் இப்போது போலவே துண்டுக்குள் பேசிக்கொள்ளலாம். விற்பவர் குறைந்தபட்ச விலையை முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்குக் கீழே ஏலக் கேள்வி நின்றால் குதிரையை ஓட்டிச் செல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். சுழியும் பல்லும் நடையும் பார்க்கத் தெரிந்த தரகர்களைவிடக் களத்தில் நின்று குதிரையை விவரித்து விலை கூற ஏற்றவர்கள் யார்? அவர்களுக்கு உரிமமும் எல்லோருக்கும் தெரிந்த தரகுக் கழிவும் நிர்ணயித்தால், இருக்கும் மரியாதை கூடுமே தவிரக் குறையாது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காளை பார்த்துத் தேர்ந்து இனம் பெருக்கியதால் காங்கயம் மாடு இன்று நாடறிந்த இனமாக நிற்கிறது. அந்த மண்ணுக்கு அருகிலேயே கூடும் சந்தையில் குதிரைக்கு மட்டும் தேர்வும் பதிவும் நடக்காது என்று சொல்ல முடியாது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. 2009-ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி உடனே அறிவிக்க வேண்டியது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. பல மாநிலக் குதிரைகள் மூக்கோடு மூக்கு உரசி, ஒரே தொட்டியில் நீர் குடிக்கும் இடத்தில் இதற்கான இரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் ஏலம் நடத்துவது ஆபத்து. இந்த நோயை உறுதி செய்யும் வசதியுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் அரியானாவின் ஹிசாரில் இருப்பதால், மாதிரி போய் முடிவு வர நாட்கள் ஆகும். சந்தை கூடிய அன்று ஊசியும் குழலுமாக வந்து நிற்பதில் பயனில்லை. ஆகவே கால்நடை பராமரிப்புத் துறையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இணைந்து, ஆனி மாதத்திலேயே பதிவு செய்வோரின் ஊர்களுக்குச் சென்று இரத்த மாதிரி எடுப்பது, பல் பார்த்து வயது எழுதுவது, அளவுகோலால் உயரம் குறிப்பது, மின்சில்லு செலுத்துவது ஆகிய நான்கையும் ஒரே வருகையில் முடிக்க வேண்டும். வெளிமாநில வியாபாரிகள் தங்கள் மாநிலத்துச் சான்றைக் கொண்டுவந்தால் சந்தை நுழைவாயிலில் சில்லு எண்ணைப் படித்துச் சரிபார்த்தால் போதும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இதற்கான கட்டணத்தை அரசே ஏற்று, பிறகு ஏலக் கழிவிலிருந்து ஈடு செய்துகொள்ளுமாறு மாவட்ட ஆட்சியரையும் கால்நடை பராமரிப்புத் துறையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.